கடலுக்குப் போன மணிக்கூடு

வினோதன் மாமாவுக்குக் கை இரண்டுதான். மணிக்கூடு ஏழு.

சுவிஸிலிருந்து விடுமுறைக்குப் பூநகரி வந்தவர், உடுப்புப் பெட்டியைத் தொடவேயில்லை. முதல் வேலையாக ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்து கதிரையில் வைத்தார். உள்ளே மெத்தென்ற எட்டுக் குழிகள். ஏழு குழிகளில் ஏழு மணிக்கூடுகள் சொகுசாகப் படுத்திருந்தன. எட்டாவது குழி காலி.

"எல்லாம் கடலுக்கடியில கட்டுற மணிக்கூடு, தேனு," என்றார் மாமா. "இஞ்ச பார், சுத்திவரக் கவசம் போட்டிருக்கு. கல்லில இடிச்சாலும் கவசம்தான் அடி வாங்கும். உள்ளுக்கு இருக்கிற மணிக்கூட்டுக்கு ஒண்டும் நடக்காது."

பத்து வயதுத் தேனுகா கண் கொட்டாமல் பார்த்தாள். ஒவ்வொன்றும் பெரிதாக, தடிப்பாக, உருண்டையாக இருந்தது.

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னடா தம்பி, டின்மீன் பேணியைக் கையில கட்டினமாதிரிக் கிடக்கு!"

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. "அக்கா, இதுகளைச் சேர்க்கிற ஆக்களும் மீன் பேணி எண்டுதான் செல்லப் பேர் வைச்சிருக்கினம்."

"பாத்தியே! நான் சுவிஸுக்குப் போகாமலே கண்டுபிடிச்சிட்டன்," என்று அம்மா பெருமையோடு கறியைக் கிளறப் போனார்.

"மாமா, நீங்கள் இதுகளைக் கட்டிக்கொண்டு எத்தினை தரம் கடலுக்கடியில போயிருக்கிறீங்கள்?" என்று தேனுகா கேட்டாள்.

மாமா இருமினார்.

"அவனோ?" என்றார் அம்மா உள்ளே இருந்தபடியே. "முழங்காலுக்கு மேல தண்ணி ஏறினாக் கரைக்கு ஓடி வந்திடுவான். நீந்தத் தெரியாது!"

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டு முத்துலிங்கம் பெரியப்பா ஒரு பை நிறைய நண்டோடு வந்தார். அவர் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடியில் கடலட்டை பிடிப்பவர். போன வருடம் அவருடைய படகின் எஞ்சின் பழுதாகி, தொழில் இல்லாமல் கரையில் குந்தியிருந்தபோது, மாமாதான் புது எஞ்சின் வாங்கக் காசு அனுப்பினார். அந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. நண்டுப் பையை நீட்டிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமாவோ அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கையில் ஒரு பழைய மணிக்கூடு இருந்தது. அதுவும் கவசம் போட்டதுதான். ஆனால் கவசம் முழுக்கக் கீறல். நிறம் போன இடமெல்லாம் பல்லிளித்தது.

"அண்ணை, இது... இது அதே மணிக்கூடெல்லோ!" மாமாவின் குரல் ஒரு மாதிரியாகிவிட்டது. "என்ன வடிவான மணிக்கூடு! இப்ப இதை எங்க தேடினாலும் கிடைக்காது. ஒருக்காப் பாக்கலாமோ?"

முத்துலிங்கம் பெரியப்பா ஒரு நொடி தயங்கினார். பிறகு மணிக்கூட்டைக் கழற்றி மாமாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் மடித்துவிட்டார். "வைச்சுக்கொள்ளுங்கோ தம்பி."

"ஐயோ, நான் கேக்கேல்லை..."

"ஆசைப்பட்டிட்டீங்கள். நான் எப்பிடித் திருப்பிக் கொண்டுபோறது? வைச்சுக்கொள்ளுங்கோ."

மாமாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பெட்டியில் இருந்ததிலேயே புதிய மணிக்கூட்டை எடுத்து, "அப்ப இது உங்களுக்கு!" என்று பெரியப்பாவின் கையில் திணித்தார். இரண்டு பேரும் மாறி மாறி மறுத்தார்கள், மாறி மாறி வற்புறுத்தினார்கள். கடைசியில் புதியது பெரியப்பாவோடு படலையைத் தாண்டிப் போனது. பழையது எட்டாவது குழிக்குள் படுத்துக்கொண்டது.

அடுத்த நாள் மாமாவும் தேனுகாவும் பட்டப்பகலில் போர்வைக்குள் புகுந்தார்கள்.

"இருட்டிலதான் இதுகளின்ர வெளிச்சம் தெரியும்," என்றார் மாமா. புதிய மணிக்கூடுகளின் முட்கள் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தன. பழையது மட்டும் கண் மங்கியவரைப்போல் இலேசாக மினுங்கியது.

"பாவம், இதுக்கு வெளிச்சம் காணாது," என்றாள் தேனுகா.

"முந்தி நல்ல வெளிச்சம் இருந்தது."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மாமா பேச்சை மாற்றி வளையத்தைக் காட்டினார். மணிக்கூட்டின் முகத்தைச் சுற்றி ஒரு வளையம். தண்ணீரில் குதிக்கும் முன் அதைத் திருப்பி, அதிலுள்ள புள்ளியை நிமிட முள்ளுக்கு நேரே வைக்க வேண்டும். பிறகு முள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்தால், எவ்வளவு நேரம் கீழே இருந்தோம் என்று தெரிந்துவிடும்.

தேனுகா புதிய மணிக்கூடு ஒன்றின் வளையத்தையும் பழையதன் வளையத்தையும் திருப்பிப் பார்த்தாள். புதியது ஒரு பக்கம்தான் சுற்றியது. பழையது இரண்டு பக்கமும் சுற்றியது.

"பழசின்ர வளையம் கல்லில தட்டுப்பட்டு, பிழையான பக்கம் சுத்தினால்?"

"நேரம் இன்னும் கிடக்கு எண்டு நினைச்சு ஆள் கீழேயே நிண்டிடும். காத்து முடிஞ்சு போகும். அதுக்குத்தான் இந்தக் கவசம். வளையத்தைத் தட்டுப்படாமல் காக்கிறது அதுதான்."

அந்த நேரம் பார்த்து அம்மா போர்வையை இழுத்தார். "தாய்மாமனும் மருமகளும் காய்ச்சலில படுத்திட்டீங்களோ எண்டு பயந்து போனன்!"

அதன்பிறகு முத்துலிங்கம் பெரியப்பா அடிக்கடி வரத் தொடங்கினார். ஒருநாள் நண்டு தர வந்தார். ஒருநாள் கொஞ்சம் உப்புக் கேட்டு வந்தார். கடல்காரர் வீட்டில் உப்பில்லையாம்! இன்னொரு நாள், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு இருக்கிறதா என்று கேட்டு வந்தார். அவர் நடந்துதான் வந்திருந்தார்.

வரும்போதெல்லாம் அவருடைய கண் கறுப்புப் பெட்டிக்குத்தான் போகும். "ஓடுதோ?" என்று கேட்பார்.

"வடிவா ஓடுது அண்ணை!" என்பார் மாமா. அவர் போன பிறகு, "என்ன நன்றியுள்ள மனுசன் பார் அக்கா. ஒவ்வொரு நாளும் வந்து சுகம் விசாரிக்கிறார்," என்று நெகிழ்ந்து போவார்.

யாருடைய சுகத்தை விசாரிக்கிறார் என்று தேனுகாவுக்கு மெல்ல மெல்ல விளங்கியது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட இடைவேளையில் பெரியப்பாவின் மகள் சிவரூபி சாப்பாட்டைத் திறக்காமல் இருந்தாள். தேனுகா பக்கத்தில் போய் அமர்ந்தாள்.

"என்னடி?"

"அப்பா நேத்து நல்லாப் பிந்தி மேல வந்தவராம். சிலிண்டரில காத்து முடியிற நேரமாம். அப்பாவோட கடலுக்குப் போற ரஜிதன் அண்ணா அம்மாட்டச் சொல்லிக்கொண்டிருந்தவர்."

"ஏன், மணிக்கூடு பாக்கேல்லையோ?"

சிவரூபி சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அதை எங்க கட்டுறார்? அலுமாரிக்குள்ள, அம்மாவின்ர கூறைச்சேலைக்குள்ள சுத்தி வைச்சிருக்கிறார். இவ்வளவு நல்ல சாமானை உப்புத்தண்ணியில போடலாமோ, கல்யாணவீடு வந்தாக் கட்டுவன் எண்டுறார். கடலுக்கு வெறுங்கையோடதான் போறார்."

தேனுகாவுக்குத் திக்கென்றது. கடலுக்கென்றே செய்த மணிக்கூடு கல்யாணவீட்டுக்குக் காத்திருக்கிறது! ஆனால் சிரிப்பு வரவில்லை. தன் வீட்டு அலுமாரியிலும் ஒரு பீங்கான் கோப்பைக் கூட்டம் நல்ல நாளுக்கென்று இன்னும் வெளியே வராமல் இருப்பது அவள் நினைவுக்கு வந்தது.

"பழசைத் திருப்பிக் கேக்கச் சொல்லன்."

"கேக்க மாட்டார். எஞ்சின் தந்த மனுசனிட்டக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ எண்டு என்னைப் பேசுறார். உன்ர மாமாட்டச் சொல்லிப்போடாதை, தேனு. அப்பா வெக்கப்படுவார்."

"சொல்ல மாட்டன்," என்று தேனுகா வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் தலை சுற்றியது. சொல்லவும் கூடாது, சும்மா இருக்கவும் முடியாது. இன்னொரு முறை பெரியப்பா பிந்தினால்?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தாள். படலையைத் திறக்கும்போது ஒரு வழி தெரிந்தது.

"மாமா, நீங்கள் மணிக்கூடு ஒப்பிட்டது சரியில்லை."

மாமாவுக்குச் சுருக்கென்றது. "ஏன்?"

"பழசு, புதுசு ரெண்டையும் போர்வைக்குள்ள வைச்செல்லோ பாத்தனீங்கள்? அது கடல் மணிக்கூடு. கடலுக்கடியில வைச்சுப் பாத்தால்தானே எது நல்லது எண்டு தெரியும்?"

"நான் எப்பிடிக் கடலுக்கடியில..."

"நீங்கள் வேண்டாம். பெரியப்பா ஒரு கையில பழசும் மற்றக் கையில புதுசும் கட்டிக்கொண்டு இறங்கட்டும்."

மாமாவின் கண் போர்வைக்குள் பார்த்த முட்களைவிடப் பிரகாசமாகிவிட்டது. "தேனு, நீ பெரிய ஆளடி!"

சனிக்கிழமை காலை அமைதியான கடலில் படகு போய்க்கொண்டிருந்தது. பெரியப்பாவின் தம்பி மகன் ரஜிதன் அண்ணா எஞ்சின் பிடித்தார். அவரும் சிலிண்டர் கட்டி இறங்குபவர்தான். மாமா இரண்டு பாதுகாப்பு அங்கிகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தார். தேனுகா ஒன்றுதான் மாட்டியிருந்தாள்.

அட்டை பிடிக்கும் இடம் வந்தது. பெரியப்பா மடியிலிருந்து ஒரு சிவப்புப் பட்டுத் துணியை எடுத்து அவிழ்த்தார். உள்ளே புது மணிக்கூடு. கண்ணாடியில் ஒட்டியிருந்த மெல்லிய தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை.

மாமா அந்தத் தாளைப் பார்த்தார். பெரியப்பாவைப் பார்த்தார்.

"அண்ணை, இதை நீங்கள் கட்டவேயில்லையே. அப்ப இவ்வளவு நாளும் எதைக் கட்டிக்கொண்டு இறங்கினனீங்கள்?"

பெரியப்பா கடலைப் பார்த்தார். ரஜிதன் அண்ணாதான் வாய் திறந்தார். "குத்துமதிப்புத்தான். புதுசு கல்யாணவீட்டுக்காம்."

மாமாவின் முகம் வாடிப் போனது. பழையதை எடுத்து நீட்டினார்.

பெரியப்பா இரண்டையும் கட்டிக்கொண்டார். புதியதன் வளையத்தைக் குனிந்து பார்த்துப் பார்த்துத் திருப்பினார். பழையதை அவர் பார்க்கவேயில்லை. பெருவிரல் தானாகப் போய், கவசத்தின் இடைவெளிக்குள் நுழைந்து, வளையத்தைச் சரியான இடத்தில் நிறுத்தியது. பிறகு தண்ணீருக்குள் மறைந்தார்.

நேரம் நகர மறுத்தது. மாமா தன் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்ப்பதும் குமிழி வரும் இடத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்.

பெரியப்பா சரியான நேரத்துக்கு மேலே வந்தார். கூடையில் அட்டை. முகத்தில் கவலை.

"தம்பி, கோவிக்காதேங்கோ. புதுசைக் கல்லில கீறிப்போட்டன்."

"மணிக்கூட்டுக்கு என்னவும் நடந்ததோ?"

"இல்லை, கவசத்திலதான்."

"அப்ப கவசம் தன்ர வேலையைச் செய்திருக்கு. நல்லது அண்ணை!"

பெரியப்பா படகில் ஏறி, பழைய மணிக்கூட்டைக் கழற்றத் தொடங்கினார். மாமா சட்டென்று அந்தக் கையைப் பிடித்தார்.

"கழட்டாதேங்கோ."

"குடுத்ததைத் திருப்பி வாங்கிறது மரியாதையில்லைத் தம்பி. நீங்கள் எஞ்சின் அனுப்பாட்டி என்ர வீட்டில அடுப்பு எரிஞ்சிருக்காது."

"நான் ஏன் எஞ்சின் அனுப்பினனான் தெரியுமோ?" மாமாவின் கண் கலங்கியது. "சின்னனில வள்ளத்தால விழுந்து தண்ணிக்குள்ள தாண்டு போனன். கண்ணுக்கு முன்னால எல்லாம் இருட்டு. அதுக்குள்ள ஒரு பச்சை வெளிச்சம் வந்தது. உங்கட கையில கட்டியிருந்த இந்த மணிக்கூடு. அதுக்குப் பிறகுதான் இப்பிடி மணிக்கூடுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறன். இதுதான் என்னைக் காப்பாத்தினது."

"ஓமோம்," என்றார் பெரியப்பா. "கரைக்கு வந்து என்ர மேலெல்லாம் சத்தி எடுத்தனீங்கள். மறப்பனோ?"

தேனுகா மாமாவின் முகத்தைப் பார்த்தாள். "மாமா, உங்களைத் தூக்கினது மணிக்கூடு இல்லையே. பெரியப்பாவின்ர கைதானே?"



மாமா பழைய மணிக்கூட்டின் பட்டியை இன்னும் ஒரு துளை இறுக்கிக் கட்டிவிட்டார். "இந்தக் கை பத்திரமா இருக்கோணும் அண்ணை. எனக்கு அது போதும்."

"அப்ப புதுசைப் பிடியுங்கோ," என்று பெரியப்பா மற்றதை நீட்டினார்.

மாமா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேனுகா அவருடைய காதுக்குள் ஏதோ சொன்னாள். மாமா சிரித்துக்கொண்டே எழும்பப் பார்த்தார். படகு ஆடியதும் மறுபடி அமர்ந்துகொண்டார்.

"ரஜிதன், இஞ்ச வாரும். உம்மட கை சும்மா கிடக்காம். மருமகள் சொல்லுறாள். கல்யாணவீட்டுக்கு எண்டு வைச்சால் பறிச்சுப்போடுவன்!"

ரஜிதன் அண்ணா மணிக்கூட்டை வாங்கிக் கட்டி, கண்ணாடியில் இருந்த தாளை அங்கேயே உரித்துக் கூடையில் போட்டார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சிவரூபி தன் இடியப்பத்தில் பாதியைத் தேனுகாவின் பெட்டிக்குள் வைத்தாள்.   இரண்டு பேரும் சம்பலைப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள்.

மாமா புறப்படும் நாள் வந்தது. அம்மா அவருடைய சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கறுப்புப் பெட்டியைத் திறந்தவர் திடுக்கிட்டார். "டேய் தம்பி, வரேக்க ஒரு குழிதானே காலி? இப்ப ரெண்டு காலி! எங்கையடா மணிக்கூடு?"

அப்போது படலை திறந்தது. முத்துலிங்கம் பெரியப்பா ஈரத் தலையோடு வந்தார். கையில் நண்டுப் பை. இந்த முறை உப்புக் கேட்கவில்லை, பம்பும் கேட்கவில்லை. பையை நீட்டிவிட்டு மாமாவைப் பார்த்துச் சிரித்தார். அவருடைய கையில் கீறல் விழுந்த பழைய கவசம் வெயிலில் மினுங்கியது.

"துலையேல்லை அக்கா," என்றார் மாமா. "அதுகள் கடலுக்குப் போறதுகள். ஒண்டு இப்பதான் வந்திருக்கு, பார்."