முதல் விலைக்கே வாங்கிப் போனவள்

மழைக்கு ஒதுங்குகிறவர்களில் பாதிப் பேர் சும்மா துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள். மழை விட்டதும் விலைகூடக் கேட்காமல் கிளம்பிவிடுவார்கள். தேரடி வீதியில் கித்தானும் தார்ப்பாயும் விற்கும் ஆதிமூலத்தின் மகன் புகழேந்திக்கு இது தெரியாதா... அந்த ஐப்பசி சாயங்காலம் சைக்கிளைச் சாத்திவிட்டுச் சொட்டச் சொட்ட உள்ளே வந்தவளையும் அப்படித்தான் நினைத்தான்.

ஆனால் அவள் நிமிர்ந்தாள். இமையில் ஒரு துளி... விழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றது. அதற்குப் பின்னால் இரண்டு கண்கள். யாரையும் சந்தேகப்படத் தெரியாத கண்கள். கடைத்தெருவில் அப்படிப்பட்ட கண்களை அவன் பார்த்ததே இல்லை.

"கெட்டியான கித்தான் வேணுங்க. படகுக்குப் பாய் தைக்கணும்."

"படகா? நம்ம ஊர்லயா?" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிரிவலம் படகுல போகப் போறீங்களா?"

"சமுத்திரம் ஏரியிலங்க. இந்த வருஷம் நெரம்பிடுச்சே, போய்ப் பாக்கலயா நீங்க?"

பெயர் அறிவுமதி. அப்பாவுக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் வேலை. தூத்துக்குடியில் மாமா வீட்டில் தங்கிக் காலேஜ் படித்தபோது, என்.சி.சி. கடற்படைப் பிரிவில் பாய்மரம் ஓட்டக் கற்றவள். ஆசிரமத்துப் பக்கம் குடியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது தன் சின்னப் படகை இவளிடம் விட்டுப் போயிருக்கிறார். பாய் மட்டும் நைந்துவிட்டதாம். கேட்காமலே இத்தனையும் சொன்னாள்.

இங்கேதான் கடை வழக்கம் குறுக்கே வந்தது. முதலில் மட்டச் சரக்கைக் காட்ட வேண்டும். யானை விலை சொல்ல வேண்டும். வாங்குகிறவர் துணியைக் கசக்கி, முகத்தைச் சுளித்து, "இதையா இந்த விலைக்கு?" என்று எழுந்துகொள்ள வேண்டும். "உக்காருங்க, பேசலாம்" என்று கடைக்காரன் இறங்கி வர, அப்புறம்தான் உள்ளிருந்து நல்ல சரக்கு வரும். தேரடி வீதியில் பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. புகழேந்தி முறைப்படி, கிடங்கில் ஒழுகல் பட்டு மடிப்பில் இற்றுப்போயிருந்த துணிக்கட்டை எடுத்துப் பிரித்தான். சொல்லக் கூசுகிற விலையைச் சொன்னான்.

"காத்து தாங்குங்களா?"

"புயலே தாங்கும்."

அடுத்து அவள் திட்ட வேண்டும். காத்திருந்தான்.

"சரிங்க... குடுங்க."

சரியா? முதல் விலைக்குத் தலையாட்டிய ஒருவரை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. 'உள்ளே நல்லது இருக்கிறது' என்று சொல்ல வாயெடுத்தான். கல்லாவிலிருந்து அப்பா ஒரு கனைப்புக் கனைத்தார். வாய் மூடிக்கொண்டது.

"ரொம்ப தேங்க்ஸுங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள் அவள்.

அந்தத் தேங்க்ஸ் முள்ளாகக் குத்தியது. ராத்திரி கடை சாத்துகையில், "நல்ல துணியா மாத்திக் குடுத்துட்டு வரேம்பா" என்று ஒருவழியாகக் கேட்டபோது, ஆதிமூலம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வித்த சரக்குக்குப் பின்னாடி ஓடுவியா? தெருவே சிரிக்கும்டா. அந்தப் பொண்ணு வந்து கேட்டுதா?"

"கேக்கல. அதனாலதாம்பா..."

"அப்ப விடு. கண்ணு பெருசா இருந்தா அதுக்காக நாம சின்னதாயிடணுமா?"

அப்பாவும் கண்ணைக் கவனித்திருக்கிறார்... புகழேந்திக்கு இன்னும் கூசியது.

ஞாயிற்றுக்கிழமை அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, கடையிலேயே உசத்தியான கித்தானை டி.வி.எஸ். ஃபிப்டியில் கட்டிக்கொண்டு ஏரிக்கரை ஏறினான். தாமதமாகிவிட்டது. நடு ஏரியில் வெள்ளைப் பாய்... அவன் விற்ற பாய்... விரிந்திருந்தது. படகில் அவள் ஒருத்திதான். மலை உச்சியில் மேகம் கவிழ்ந்தது. காற்று கரையை நோக்கித் திரும்பியது.

டர்ர்ர்...

தினமும் அவன் கேட்கிற சத்தம்தான், துணி கிழியும் சத்தம். மடிப்பு எங்கே இருந்ததோ, சரியாக அங்கே.

கரையோரமெல்லாம் கூர்க்கல். படகைக் கட்டுவதற்கென்று, சற்றுத் தள்ளி ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம் மிதந்தது. அடியில் கல் கட்டி நிறுத்தியது. மிச்சமிருந்த பாதிப் பாயோடு அதை நோக்கி வந்தாள் அவள்.

"நேரா வந்துடுங்க, காத்தே தள்ளுது பாருங்க" என்று கத்தினான்.

"நேரா வந்தா கல்லு மேலதாங்க நிக்கும்."

டிரம்மைத் தாண்டி வந்து, படகின் மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பினாள். பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, வேகம் செத்தது. டிரம்முக்கு ஒரு கை தூரத்தில் படகு நின்றேவிட்டது. காற்று அதைக் கல்லை நோக்கிப் பின்னால் தள்ளியது. புகழேந்தி போட்ட சட்டையோடு தண்ணீரில் இறங்கினான்.

"கிட்ட வராதீங்க, நடுவுல மாட்டி நசுங்கிடுவீங்க."

உதவிக்குக்கூட லாயக்கில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் மரம் மாதிரி நின்றான். அவள் அந்தக் கந்தலிலேயே மறுபடி காற்றைப் பிடித்தாள்; சுற்றி வந்தாள்; இந்த முறை கொஞ்சம் வேகத்தை மிச்சம் வைத்துத் திருப்பினாள். மூக்கு டிரம்மைத் தொடும் நேரம்... சுக்கானை விட்டுவிட்டு முன்னால் தாவி, கயிற்று வளையத்தை எட்டிப் பிடித்துக் கட்டினாள்.

தண்ணீரில் இறங்கி நடந்து கரையேறியவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்தாள்.

"பாயி, சுக்கான், கயிறுன்னு வேலை மூணு. கை ரெண்டுதானே... தனியா வந்தா எதை எப்ப விடணும்னு தெரியணுங்க. நீங்க கித்தான் கடைக்காரர் இல்ல? கிழிஞ்சதப் பாத்து பயந்துட்டீங்களா? உங்க துணி மேல தப்பில்லங்க. நாந்தான் தையலக் கோணலாப் போட்டிருப்பேன். புயலே தாங்கும்னு நீங்க சொன்னீங்களே."

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

சும்மா தலையாட்டினால் போதும். அவள் கண்ணில் அவன் நல்லவனாகவே இருந்துவிடலாம். வாயை மூடிக்கொள்வது அவனுக்குப் பழகிய தொழில்தான். டிரம்மில் ஆடிய படகையும் அதில் தொங்கிய கந்தலையும் பார்த்தான்...

"தையல் மேல தப்பில்லங்க. அந்தத் துணி மடிப்புல இத்துப்போனது. தெரிஞ்சுதான் காட்டினேன். நீங்க கசக்கிப் பாத்து 'இதையா இந்த விலைக்கு'ன்னு எழுந்துப்பீங்க, அப்புறம் நல்லதா எடுத்துக் குடுக்கலாம்னு இருந்தேன். நீங்க சரின்னுட்டீங்க. நானும் பேசாம இருந்துட்டேன்."

சிரிப்பு அணைந்தது.

"துணியப் பத்தி எனக்கு இன்னாங்க தெரியும்? உங்க வார்த்தைய நம்பித்தானே தனியா எறங்கினேன்."

ஓடிப்போய் வண்டியிலிருந்த கித்தானைக் கொண்டுவந்து நீட்டினான்.

"இது நல்லது. நானே தச்சும் தரேன்... இன்னொண்ணும் சொல்லிடறேங்க. கடையில நான் சொல்ற முதல் விலை எதுவும் நெசமில்ல. இப்ப சொல்றது மட்டும் முதல் விலையும் இதான், கடைசி விலையும் இதான். எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. எங்கப்பா எத்தன தடவ கனைச்சாலும் மாத்திச் சொல்லமாட்டேன்."

தூறல் ஆரம்பித்தது. அவள் கித்தானை வாங்கினாள். முரட்டுத்தனமாகக் கசக்கினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இதையா இந்த விலைக்கு?" என்றாள். "ரொம்ப ஜாஸ்திங்க."

சொல்லிவிட்டு, போகிறவள் மாதிரி திரும்பினாள். ஆனால் கித்தானைக் கீழே வைக்கவில்லை.

கடைத்தெருவில் பிறந்த நாளிலிருந்து புகழேந்தி சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை, இன்றைக்குத்தான் முதல் தடவையாக நாக்கில் இடறியது.

"உக்காருங்க... பேசலாம்."

அறிவுமதி கரைக்கல்லில் உட்கார்ந்தாள். இமையில் ஒரு துளி நின்றது. இந்த முறை அது விழுந்தேவிட்டது.