விடுநிலம்

காலையில் லிஃப்டில் ஏறியதும் எல்லோரும் திரையைப் பார்ப்போம். பூச்சி, பறவை, தவளை. விடுநிலத்தில் நிற்கும் செவிக்கம்பம் முந்தைய நாள் கேட்ட குரல்கள். எழுத்து பச்சையாக இருந்தால் தொடர்ந்து இங்கே குடியிருக்கலாம்.

அன்று சிவப்பாக இருந்தது.

கோவையில் ஒவ்வொரு அடுக்ககத்தின் அருகிலும் ஒரு விடுநிலம் இருக்க வேண்டும். மனிதக் கை படாமல் தானாக வளரும் நிலம். அது இல்லாத இடங்களில் குழந்தைகளுக்குத் தூக்கம் போயிற்று. மருந்துகள் பலிக்கவில்லை. பிறகுதான் சட்டம் வந்தது: விடுநிலம் செத்தால் வீடுகளைக் காலி செய்ய வேண்டும். என் மகள் நிலானி இங்கே வந்த பிறகுதான் தூங்கினாள். சங்கச் செயலாளர் வேலையை நான் ஏற்றுக்கொண்டதும் அதனால்தான்.

முந்தைய நாள் நான் ஊரில் இல்லை.

கீழே ஓடினேன். எருக்கும் முள்ளும் மண்டிக் கிடந்த நிலம் மொட்டையாக இருந்தது. ஓரமெல்லாம் சுண்ணாம்பு அடித்த செங்கல். ‘தொடாதீர்கள்’ பலகைக்கும் புது பெயின்ட். சங்கத் தலைவர் பொன்னுரங்கம் குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பொறியாளர்.

“என்னங்க சார் இது?”

“இன்னிக்கு விடுநிலத்தச் சோதிக்க அதிகாரி வர்றாங்கல்ல அம்மிணி. குப்பக்காடா கெடந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?”

எல்லா வீட்டாரும் இறங்கி வேலை செய்தார்களாம். இவ்வளவு ஒற்றுமையை அவர் பார்த்ததே இல்லையாம்.

அதிகாரி ரெஜினா வந்தார். தொட்டிகளைப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை. நிலம் தானாகத் திரும்ப மூன்று வருடம் ஆகும், அதுவரை தற்காலிகக் குடியிருப்புக்குப் போக வேண்டும் என்றார். அங்கே புல்கூடக் கிடையாது. பொன்னுரங்கம் ஒரே வாரத்தில் மரக்கன்று நட்டு, சொட்டுநீர் போட்டுத் தருவதாகச் சொன்னார். எதையும் செய்யாமல் இருந்தாலே போதும் என்றார் அதிகாரி.

“ஒண்ணுமே செய்யாம எப்படிங்க மேடம்? ஏதாச்சும் ஒரு வேல சொல்லுங்க.”

அதிகாரி வண்டியில் ஏறினார்.

மாலையில் நிலானியின் மெத்தையை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எப்படித் தூங்குவது என்று அவள் கேட்டாள். அப்போது பொன்னுரங்கம் வந்தார். நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு போட்டிருக்கிறார். வாராவாரம் வந்து கூட்டிவிட்டுப் போவார்களாம்.

“உங்க பேரையும் சேத்துட்டேன் அம்மிணி.”

அவர் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கி லாரியில் எறிந்தேன். மற்ற வீடுகளில் இருக்கும் விளக்குமாறுகளையும் வாங்கிவர மாடிக்குப் போனேன்.