இரைச்சலை அடக்கிய விரல்

செவ்வாய்க் கிரகத்தில் கல்யாண வரவேற்பு என்றால், பாட்டு பாதியில் இருக்கும்போது மாப்பிள்ளை, பெண், பந்தியில் உட்கார்ந்தவர்கள் என்று அத்தனை பேரும் முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடுவது அப்படியொன்றும் அதிசயமில்லை. இலையில் பாயசம் அநாதையாகக் கிடக்கும். ஊரையே மூடியிருக்கும் கூடகத்துக்குள் மூச்சுவிடக் காற்றைத் தருவது காற்றேற்றி என்ற ராட்சத எந்திரம். அது பழுதாகும் முன் 'ம்ம்ம்ம்' என்று இரைச்சல் போடும். அதைக் கேட்டால் முகமூடியை எடு, ஓடு என்றுதான் அங்கே பிள்ளைகளுக்கு அ, ஆவுக்கு முன்பே சொல்லிக்கொடுப்பார்கள்.

காந்திமதியின் மெல்லிசைக் குழுவைப் பிடித்த சனியன் என்னவென்றால், அவளுடைய எலெக்ட்ரிக் கிட்டாரும் அதே இரைச்சலைத்தான் போட்டது.

கிட்டார் வாசித்தது கின்னரன் என்ற இசைப்பொறியன். உலோக உடம்பு, தேயாத பீங்கான் விரல்கள். வாசிப்பில் குறை சொல்ல வாயே வராது. ஆனால் பாட்டு தணியும் இடத்தில் அடியிலிருந்து 'ம்ம்ம்ம்' கிளம்பிவிடும். மூன்று கல்யாணம் கலைந்த பிறகு காற்று வாரியம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. குடியேற்ற நாள் விழாவுக்கு அதிகாரி வந்து முன்வரிசையில் உட்காருவார். இன்னொரு தடவை கூட்டம் ஓடினால் குழுவின் உரிமம் ரத்து. அதற்குப் பிறகு காந்திமதி பழையபடி காளான் பண்ணையில் கூடை சுமக்க வேண்டியதுதான்.

பாவம், அவள் மாற்றாத பாகமில்லை. தந்திகளை மாற்றினாள். ஒயரை மாற்றினாள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பைக் கழற்றிப் புதிதாகப் போட்டாள். பற்றவைத்த இடங்களையெல்லாம் பிரித்து மறுபடி பற்றவைத்தாள். இரைச்சல் குறைவேனா என்றது.

"ஏ கின்னரா, உனக்குக் கேக்குதா இல்லியா?"

"கேக்குது அக்கா. நான் வாசிக்காதப்போ இன்னும் நல்லாக் கேக்குது."

"கிண்டல் வேறயா உனக்கு!"

விழாவுக்கு முந்தின வாரம் ஒரு கல்யாணம். வழக்கம்போல இரைச்சல் கிளம்பியது, கைகள் முகமூடியைத் தேடின. அந்த நேரம் பார்த்து காந்திமதியின் தம்பி இசக்கியப்பன் மேடை ஏறினான். எங்கே பந்தியோ அங்கே அவன். வேறு உத்தியோகம் கிடையாது. வயிறு நிறைந்துவிட்டது, பொறியனோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசை. ஒரு கையைக் கின்னரன் கழுத்தில் போட்டு, இன்னொரு கையைக் கிட்டாரில் தந்திகள் முடியும் இரும்புப் பட்டையில் ஊன்றி, ஈயென்று இளித்தான்.

இரைச்சல் பட்டென்று நின்றது.

"கைய எடுக்காதல! எடுத்தேன்னா கொன்னுருவேன்!" என்று காந்திமதி கத்தினாள்.

பயல் கச்சேரி முடியும்வரை அப்படியே கட்டிப்பிடித்தபடி நின்றான். ஓடக் கிளம்பிய சனம் திரும்பி வந்து கைதட்டியது. மறுநாளே கூடகம் முழுக்க அவன் விரலைப் பற்றித்தான் பேச்சு.

காந்திமதிக்கு விஷயம் விளங்கிவிட்டது. சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளின் இரைச்சலைக் கின்னரனின் உலோக உடம்பு வாங்கிக் கிட்டாருக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. மனிதன் வாசித்தால் விரல் தந்தியில் படும், இரைச்சல் அந்த வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். பீங்கான் விரலில் மின்சாரம் ஓடாது. நடுவில் இசக்கியப்பன் என்ற சதைக்கம்பி வந்ததும் அதற்கு வழி கிடைத்துவிட்டது. அவ்வளவுதான் சங்கதி. ஒரு முழம் செப்புக்கம்பியைக் கின்னரன் முதுகிலிருந்து அந்தப் பட்டைக்கு இழுத்து முடுக்கினாள். இரைச்சல் போயே போய்விட்டது. சந்தோஷத்தில் அவள் அழுதேவிட்டாள்.

விழா அன்று இசக்கியப்பன் பட்டுச்சட்டையோடு வந்து நின்றான்.

"எக்கா, என் நாற்காலி எங்க?"

"நீ வேண்டாம்ல. கம்பி போட்டாச்சு."

"சனம் என்னயப் பாக்கத்தானக்கா வருது!"

கூடப்பிறந்தவனாயிற்றே, அவளுக்கு மனசு கேட்கவில்லை. "சரி, உக்காந்து தொல. எதையும் ஆட்டாத."

கின்னரன் அன்று வாசித்த வாசிப்பு இருக்கிறதே, அப்பப்பா! ஒவ்வொரு சுரமும் தேன் மாதிரி வடிந்தது. ஆனால் அரங்கத்தில் ஒரு கண்ணாவது அதன் பக்கம் போக வேண்டுமே! எல்லாரும் இசக்கியப்பனையே பார்த்தார்கள். அவன் கண்ணை மூடி, பட்டையில் ஒற்றை விரலை வைத்து, தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். பாட்டு தணிந்தது. எல்லார் கையும் முகமூடிமேல். அந்த நேரத்தில் அவனுக்கு மூக்கு அரித்தது. விரலை எடுத்துச் சொறிந்தான்.

அரங்கமே மூச்சைப் பிடித்தது. இரைச்சல் வரவில்லை. அப்பாடா, இவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று இப்போதாவது ஊருக்குத் தெரியட்டும் என்று காந்திமதி நினைத்தாள்.

முன்வரிசையில் அதிகாரி எழுந்துவிட்டார். "விரல எடுத்த பிறகும் அடங்கிக் கிடக்கு பாருங்கய்யா! என்ன கை! என்ன ஞானம்!"

கைதட்டலில் கூடகமே அதிர்ந்தது. செய்தியாளர்கள் மேடைக்கு ஓடி வந்தார்கள். இப்படியொரு இசையை எப்படிப் படைக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

"விரல வைப்பேன். மத்ததெல்லாம் தானா வந்துரும்" என்றான் இசக்கியப்பன். பின்னால் கின்னரன் அடுத்த பாட்டுக்குத் தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது.

உரிமம் ரத்தாகவில்லை. அதிகாரி மாலை போட்டு, உரிமத்தை அந்த மேடையிலேயே ஆயுளுக்கும் நீட்டித்துக் கொடுத்தார், குழுவின் மாபெரும் கலைஞரான இசக்கியப்பன் பெயரில்.

மாலையும் கழுத்துமாக இறங்கி வந்த தம்பி காந்திமதியின் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

"நீ ஒண்ணும் கவலப்படாதக்கா. கம்பி பாத்துக்க ஒரு ஆளு எனக்கும் வேணும்லா."