பீட்ரூட் வயலில் ஒரு சார்ஜெண்ட்

1932 அக்டோபர் 14. காலை 9.40. லூப்லின் நகருக்கு வெளியே பீட்ரூட் பிடுங்கிக்கொண்டிருந்தவர்களின் நடுவே, சார்ஜெண்ட் யாரெம்கோ வானத்திலிருந்து விழுந்து செத்தார். அவரை ஏற்றிச் சென்ற விமானம் சற்று நேரம் கழித்து, ஒரு கீறல்கூட இல்லாமல் தளத்தில் இறங்கியது.

உடல் விழுந்த இடம் தளத்தின் வேலிக்கு வெளியே இருந்தது. அதனால் வழக்கு ராணுவத்துக்கு இல்லை, எனக்குத்தான் என்று இன்ஸ்பெக்டர் பியெலாக் வந்து நின்றார். மூக்கில் ஜலதோஷம், சட்டைப்பையில் சூரியகாந்தி விதை. கர்னல் டோலெங்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பூட்ஸைத் துடைத்துக்கொண்டு வரச் சொன்னார்.

கர்னலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பயிற்சி விமானங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். 1914இல் மூண்ட பெரிய போரில் ஆஸ்திரிய ராணுவத்துக்காக விமானத்தில் போய் வேவு பார்த்தவர். அந்தக் காலத்தில் அதிகாரி பின்னால் உட்கார்ந்து உத்தரவு போடுவார். முன்னால் இருந்து ஓட்டுகிறவனுக்கு வண்டிக்காரன் என்று பெயர். போர் முடிந்ததும் விமானத்தை விட்டு இறங்கியவர் பிறகு ஏறவே இல்லை. உணவுக்கூடத்து ஜன்னல் வழியாகவே, வாத்துக் கால் ஒன்றைக் கடித்தபடி, வருடக்கணக்காக விமானங்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார். விமானிகளை இன்னமும் வண்டிக்காரர்கள் என்றுதான் சொல்வார்.

சார்ஜெண்ட் விழுந்த விமானம் இன்ஜினியர் கிரனீட்ஸ்கி உருவாக்கியது. இரட்டை இறக்கை, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. 'சிட்டு' என்று பெயர் வைத்திருந்தார். கர்னலின் குழு கேட்டதற்கெல்லாம் தலையாட்டி அதைத் திரும்பத் திரும்ப மாற்றினார். ஒருமுறை வாள் மாட்ட ஒரு கொக்கி வேண்டும் என்றார்கள். வானத்தில் யாரை வெட்டப்போகிறீர்கள் என்று கேட்காமல் அதையும் வைத்துக் கொடுத்தார். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொள்கிறவன் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாலும், சுழன்று விழும் சிட்டு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

போட்டிக்கு நின்ற இன்னொரு விமானம் நிமிராது. வசந்தத்தில்தான் இரண்டு மாணவர்களைத் தரையில் அறைந்து கொன்றிருந்தது. அது கர்னலின் மைத்துனர் தொழிற்சாலையில் செய்தது. ஆகவே மாணவர்கள்தான் மக்குகள் என்று குழு முடிவு செய்தது.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர் கேப்டன் சூலிமா. வரும் திங்கட்கிழமை குழுவின் முன் உள்ளதை உள்ளபடி சொல்லப்போவதாக எல்லாரிடமும் சொல்லியிருந்தார். இப்போது கொலைகாரன் என்ற பெயரோடு காவலறையில் இருந்தார்.

காரணம் இருந்தது. பின் இருக்கையின் இடுப்புப் பட்டை, இருக்கையோடு சேரும் இடத்தில், சவரக்கத்தியால் முக்கால்வாசி அறுக்கப்பட்டிருந்தது. சூலிமா விமானத்தைத் தலைகீழாகப் புரட்டியபோது மீதியும் பிய்ந்துகொண்டது; பாராசூட் அந்தத் தளத்தில் யாருக்கும் கொடுப்பதில்லை. முந்தின மாலைதான், தன் தங்கையோடு நடனமாடினார் என்று சூலிமா எல்லார் முன்னிலையிலும் யாரெம்கோவைக் கன்னத்தில் அறைந்திருந்தார். கர்னலுக்கு அது போதும். கேப்டனுக்குத் தூக்கு, சிட்டுவுக்குத் தடை என்று மதியத்துக்குள்ளேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பகல் 12.15. காவலறை.

"எங்க உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டார் பியெலாக்.

"முன்னாடி. சொல்லிக்குடுக்கறவன் முன்னாடி, கத்துக்கறவன் பின்னாடி. இந்த விமானத்துல அப்படித்தான்."

"அவர் விழுந்தது தெரியலையா?"

"நிமித்தினதும் கண்ணாடியில பாத்தேன். இருக்கை காலியா கெடந்துது."

"குளிரா இருந்துதா?"

சூலிமா அவரை விசித்திரமாகப் பார்த்தார். "வெறும் தகரத்துல உக்காந்து வெறைச்சுப்போயிட்டேன். அவன் ஆட்டுத்தோல் மேல சொகுசா இருந்தான். கர்னலோடதாம். அவனுக்கு வந்த வாழ்வைப் பாருன்னு நெனச்சேன்." பிறகு, "கீழ இறங்கினதும் அவன்கிட்ட மன்னிப்பு கேக்கறதா இருந்தேன்," என்றார்.

மதியம் 1.00. விமானக் கொட்டகை. குதிரைச் சேணத்தில் போடுகிற ஆட்டுத்தோல் அது. நான்கு மூலையிலும் நாடா வைத்து, பின் இருக்கையோடு இறுக்கிக் கட்டியிருந்ததால் தலைகீழாகப் போயும் கழன்று விழவில்லை. பட்டையின் அடிப்பகுதியை அது மூடியிருந்தது. பியெலாக் நாடாக்களை அவிழ்த்துத் தோலைத் தூக்கினார். அடியில், தகரத்தில், பட்டையின் பஞ்சு நூல் துணுக்குகள் நசுங்கிக் கிடந்தன. அவர் ஒரு விதையைக் கடித்துத் துப்பினார்.

கிரனீட்ஸ்கி பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். காலையில் கர்னல் அந்தத் தோலோடு வந்ததாகவும், கேப்டன் குளிரில் நடுங்குவார், அவர் இருக்கையில் போட வேண்டும் என்றதாகவும் சொன்னார். நான் கட்டித் தருகிறேன் என்றதற்குக் கர்னல் சம்மதிக்காமல், தேநீர் கொண்டுவரச் சொல்லித் தன்னை அனுப்பிவிட்டாராம். கண்ணாடி டம்ளரோடு திரும்பியபோது தோல் பின் இருக்கையில் இருந்தது. மனம் மாறி சார்ஜெண்டுக்கே கொடுத்துவிட்டார் போலும் என்று நினைத்துக்கொண்டார். அதன் பிறகு விமானம் கிளம்பும்வரை அவர் கொட்டகையை விட்டு நகரவில்லை.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று பியெலாக் கேட்டார். பட்டையைப் பற்றித்தான் எல்லாரும் கேட்டார்கள், ஆட்டுத்தோலைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றார் இன்ஜினியர். படித்தவர்.

சமையல்காரி லியோகாடியா அம்மாள் கர்னலின் பக்தியைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விமானத்திலிருந்து ஒரு ஆள் விழுந்துவிட்டான் என்று வயலிலிருந்து ஒருத்தி ஓடிவந்து கத்தினாளாம். யார் என்று அப்போது யாருக்கும் தெரியாது. விமானம் இன்னும் இறங்கக்கூட இல்லை. கர்னல் தட்டைத் தள்ளிவைத்து எழுந்து, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, கேப்டனின் ஆத்மா சாந்தியடையட்டும் என்றாராம்.

மாலை 4.00. உணவுக்கூடம். சூலிமாவைக் காவலோடு அழைத்து வந்திருந்தார்கள். கர்னல் கால்மேல் கால் போட்டிருந்தார்.

"அந்த ஆட்டுத்தோலை சார்ஜெண்டுக்குத்தானே குடுத்தீங்க, கர்னல் ஐயா?"

"சார்ஜெண்டுக்கா?" கர்னல் சிரித்தார். "என் குதிரைமேல கெடந்ததுய்யா அது. சார்ஜெண்டுப் பயலுக்கு என் பழைய கைக்குட்டையைக்கூடத் தரமாட்டேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? கேப்டன் இருக்கையில, என் கையால கட்டினேன். அப்புறம் எவன் மாத்தினானோ."

"யாரும் மாத்தல. நீங்க கட்டின எடத்துலயேதான் இருக்கு. அடியில பட்டையோட நூல் கெடக்குது. அதனால அறுத்தது முதல்ல, தோல் போட்டது அதுக்கப்புறம். அறுத்தது வெளிய தெரியக் கூடாதுன்னுதான் தோலே வந்துது." பியெலாக் மூக்கைச் சிந்தினார். "ஓட்டறவன் முன்னாடி, உத்தரவு போடறவர் பின்னாடின்னு நெனச்சுட்டீங்க. கேப்டன் விழுவார், கத்துக்குட்டி விமானத்தோட சேந்து நொறுங்குவான், திங்கக்கிழமை பேச ஆளும் இருக்காது, சிட்டுவும் இருக்காது. அதான் பேர் தெரியறதுக்கு முன்னாலயே கேப்டனுக்கு ஜெபம் பண்ணிட்டீங்க. இந்தத் தளத்துல கூட்டற ஆளுக்குக்கூட எந்த இருக்கை யாருதுன்னு தெரியும். தெரியாதவர் நீங்க ஒருத்தர்தான்."

கர்னலின் கால் மெல்லக் கீழே இறங்கியது.

"சார்ஜெண்டுமேல இரக்கப்பட்டுக் குடுத்தேன்னு சொல்லியிருந்தா, இந்த ஜெபத்தை வெச்சு நான் என்ன பண்ணியிருக்க முடியும்? ரெண்டு தடவ வழி விட்டேன். பொய்யாக்கூட உங்களுக்கு இரக்கம் வரல."

சூலிமாவின் விலங்கைக் கழற்றினார்கள். அவர் கர்னலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிரனீட்ஸ்கியிடம் போய், திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கூட்டம் என்று கேட்டார்.

வாசலில் போலீஸ் கார் நின்றது. கர்னல் படியிறங்கி வந்து, வாழ்நாள் பழக்கத்தில், பின் கதவின் முன்னால் யாராவது திறந்துவிடட்டும் என்று நின்றார். பியெலாக் பணிவாகக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க, கர்னல் ஐயா. எங்க வண்டியில நீங்க நெனக்கற எடம்தான் உங்க எடம்."