இறங்காத எடை

காலியாகக் கிடந்த எடைமேடை அறுபது கிலோ காட்டியது.

கம்ப்யூட்டர் மாற்ற வந்த அருள்பிரகாசம் திரையை உள்ளங்கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். அறுபதுதான். ஜன்னலுக்கு வெளியே, மழை ஓய்ந்த முற்றத்தில், லாரிகள் ஏறி நிற்கும் அந்த நீண்ட இரும்பு மேடை ஈரத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது. மேலே ஒரு காக்கைகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. துருவும் கிரீஸும் நனைந்த சாக்கும் கலந்த வாடையோடு மணலிப் பக்கமிருந்து காற்று கொண்டுவந்த கந்தக நாற்றமும் சேர்ந்து தொண்டையில் ஒட்டியது. தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தம் யாரோ நாக்கைச் சப்புக்கொட்டுவதுபோல் விட்டு விட்டுக் கேட்டது.

மனோகரனின் இரும்புக் கடையில் ஆறு வருடமாக அணைக்காமல் ஓடிய பழைய சர்வரை மதியம்தான் அணைத்தான். கணக்கையெல்லாம் புதுப் பெட்டிக்கு மாற்றி, எடைமேடையின் கேபிளையும் அதில் செருகினான். காலையில் அவன் டிவிஎஸ் ஃபிஃப்டியோடு அந்த மேடையைக் கடந்துதான் உள்ளே வந்தான். வாசலுக்கு வேறு வழி கிடையாது. அப்போது வெளியே இருக்கும் சிவப்பு எண்பலகை அவனையும் வண்டியையும் சேர்த்து நூற்றுப்பத்து என்று சரியாகச் சொன்னது. அது பழைய பெட்டி சொன்ன எண்.

பூஜ்யப் பொத்தானை அழுத்தினான். பூஜ்யம் வந்தது. அவன் மூச்சு விடுவதற்குள் பத்து, முப்பது, அறுபது. தூக்கத்தில் புரண்டவன் பழைய இடத்துக்கே திரும்பிப் படுப்பதுபோல.

மாதவரத்தில் ஏதோ கல்யாணத்தில் இருந்த மனோகரனைப் போனில் பிடித்தான். பின்னால் மேளம் காதைக் கிழித்தது.

"அறுபதுதானே காட்டுது? கழிச்சுடு. பழைய பொட்டியில கழிச்சிகினுதானே இருந்துச்சு."

"புதுசுல கழிக்க வழியில்ல சார். கம்பெனிக்காரன் பூட்டி அனுப்பிக்கிறான். எதுக்கு சார் அறுபது கழிச்சீங்க?"

"உனுக்கு இன்னாத்துக்கு அந்தக் கதை? காலைல ஆறு மணிக்கு லோடு வந்து நிக்கும். ஒரு வண்டி நின்னுச்சுனு வை, இந்த மார்க்கெட்ல எவன் கடையிலயும் நீ பொட்டி தூக்க முடியாது. சொல்லிட்டேன்."

வெறும் மிரட்டல் இல்லை. இதற்கு முன் ஒருவனை அப்படித்தான் விரட்டினார்கள். அவன் இப்போது டோல்கேட்டில் செல்போன் கவர் விற்கிறான்.

மேடைக்கடியில் ஏதாவது சிக்கியிருக்கலாம். நாய், மரக்கட்டை, எதுவாகவும். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் மேடையோரம் குப்புறப் படுத்து, குழிக்குள் வெளிச்சம் அடித்தான். முழங்கால் ஆழத்துக்குக் கறுப்புத் தண்ணீர். குறுக்கே போகும் உத்தரம் முழுக்கத் துரு ஏறி உரிந்திருந்தது, இரண்டு இடங்களைத் தவிர. அந்த இரண்டு இடமும் தேய்ந்து மின்னின. ஒவ்வொன்றும் ஒரு கை அகலம். குழிக்குள்ளிருந்து வந்த காற்றில் பீடி நாற்றம் இருந்தது. அணைந்து போன பீடி இல்லை. இப்போது இழுத்துவிட்ட பீடி.

எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, ஓடவில்லை என்று தனக்கே காட்டிக்கொள்வதற்காக மெதுவாக அறைக்கு நடந்தான்.

வயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். மேஜைக்குப் பின்னால் மைக் ஒன்று தூசியில் கிடந்தது. அதன் வயரை யாரோ பிய்த்து, நுனியை பிளாஸ்டிக் பையில் சுற்றி முடிச்சு போட்டிருந்தார்கள். அறுந்த வயரைப் பார்த்தால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. முடிச்சை அவிழ்த்தான், முனையைச் சீவினான், முறுக்கி ஒட்டினான். முற்றத்து ஒலிபெருக்கி கொரகொரவென்று உயிர் பிடித்தது. சோதனைக்கு என்ன சொல்வது? எடை போடுகிறவன் ஒவ்வொரு லாரிக்கும் சொல்வதைத்தான் சொன்னான்.

"மேடையில கீறவன்லாம் எறங்கு."

தகரங்களில் பட்டு அவன் குரலே திரும்பி வந்தது. இறங்கு. இறங்கு.

குழிக்குள் தண்ணீர் சளக்கென்றது.

திரையில் பூஜ்யம்.

நிலையான பூஜ்யம். பார்த்துக்கொண்டே இருந்தான். அசையவில்லை. வேலை முடிந்தது. வாய்விட்டுச் சிரித்தான்.

"மைக்ல இன்னா சொன்ன நீ?"

வாசற்படியில் கெங்கம்மா நின்றாள். கடையைப் பெருக்குகிறவள், வாசலோரம் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறாள். கையில் துடைப்பம்.

"எறங்குனு சொன்னேன்க்கா. எடை சரியாயிடுச்சு."

"அந்த ஒயர பிச்சிப் போட்டவளே நான்தான்டா, பேமானி."

அவள் உள்ளே வரவில்லை. அங்கேயே நின்று, குப்பையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

"லோடு விக்கறப்ப எடைய ஏத்திக் காட்டணும்ல? அடியில ஒருத்தன் உத்தரத்தப் புடிச்சிகினு தொங்குவான். எடை எழுதினதும் மைக்ல எறங்குன்னா வுடுவான். எம் புருசன் வல்லரசுதான் தொங்குவான். அன்னிக்கி இந்த மாரிதான் மழை. குழியில தண்ணி ஏறிச்சி. எறங்குனு சொல்ல மறந்துட்டு இவனுங்க டீ குடிக்கப் பூட்டானுங்க. கைய வுட்டா சத்தம் வரும், வாங்க வந்தவன் கண்டுக்குவான்னு அவன் வுடவேயில்ல. மூக்குல தண்ணி பூந்தும் வுடல."

அருள்பிரகாசம் மைக்கை மேஜைமேல் வைத்தான்.

"பொணத்த எடுத்தாச்சி. எடை போவல."

"நீயே எறங்கச் சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா கேப்பானா? மைக்ல சொன்னாதான் கேப்பான், கூலிக்காரன்." முற்றத்தை ஒருமுறை பார்த்தாள். "கேட்டு எறங்குனா எங்க வருவான்? வூட்டுக்குத்தான் வருவான். அவன் கைக்குத் தொங்கத்தான் தெரியும். எனுக்கு வேணாம்னுதான் பிச்சிப் போட்டேன்."

அவள் போய்விட்டாள். கொட்டகைக் கதவு சாத்தும் சத்தம். உள்தாழ்ப்பாள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அறைக்கு வெளியே சிமெண்ட் தரையில் ஈரம். மழை ஈரம் இல்லை. கறுப்பு. குழியிலிருந்து அறைவரை ஒரே கோடாக, எதையோ இழுத்து வந்ததுபோல. படியில் நின்றது.

பீடி நாற்றம்.

பையை எடுக்கவில்லை. டார்ச்சை எடுக்கவில்லை. டிவிஎஸ் கூரைக்கடியில் நின்றது. மிதித்தான். பிடிக்கவில்லை. மிதித்தான். பிடித்தது. ஏறினான்.

வண்டி ஒருமுறை தாழ்ந்தது. அவன் ஏறியதற்கு.

இன்னொரு முறை தாழ்ந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. ஆக்சிலேட்டரைத் திருகினான். பின்டயர் தரையோடு நசுங்கி, மூட்டை ஏற்றியதுபோல் வண்டி முனகிக்கொண்டு நகர்ந்தது. மேடை மேல் ஏறியது. வேறு வழி இல்லை. எதிரே எண்பலகை சிவப்பாக ஓடி நின்றது.

நூற்று எழுபது.

வாசலில் கொட்டகைக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. கெங்கம்மாவின் ஒற்றைக் கண் தெரிந்தது. அது அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தது.

"இங்க எறங்காத," என்றாள், அதனிடம். "அவனையே கெட்டியா புடிச்சிக்க."

ஈரமான விரல்கள். இரண்டு தோளிலும்.

பிடித்துக்கொண்டன.