அக்கரை கேட்டுக்கொண்டிருந்தது

“உன் பேரு நல்லாத்தான் இருக்கு,” என்றான் மான்சோக், அதை ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு. கல்யாணம் முடிந்து அவளைத் தீவுக்குக் கூட்டிப்போகும் படகில் இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். “ஆனா எங்க ஊர்ல பொண்டாட்டியப் பேர் சொல்லிக் கூப்பிட்டா சிரிப்பாங்க.”

“அப்ப எப்படித்தான் கூப்பிடுவீங்க?”

“ஒரு குழந்தை பொறக்கட்டும். அதோட அம்மான்னு கூப்பிடறேன்.”

“அது பொறக்கற வரைக்கும்?”

அவன் யோசித்தான். அந்த நேரம் பார்த்து ஒரு கடற்பறவை அவன் விரல் இடுக்கிலிருந்த இறால் வறுவலைக் கொத்திக்கொண்டு போனது. போன பறவையையே பார்த்தபடி, “அது வரைக்கும் ‘ஏய்’தான்,” என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். நாம ரெண்டு பேரும் தனியா இருக்கும்போதாவது பேரைச் சொல்லுங்களேன் என்று கேட்க வாயெடுத்தாள். படகுச் சங்கு ஊதியது. கேட்காமலே விட்டாள்.

அன்று விழுங்கியது விழுங்கியதுதான். போரம் பிறந்தாள், வளர்ந்தாள், இன்ச்சோன் நகரத்தில் நர்ஸ் படிப்புக்குப் போய்விட்டாள். சிரிப்பார்கள் என்று அவன் பயந்த மாமியாரும் மாமனாரும் குன்றுமேல் புல்மூடிய கல்லறை மேட்டுக்குள் உறங்கிப்போனார்கள். அவள் மட்டும் போரம் அம்மாவாகவே நின்றுவிட்டாள். ஊர் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் மட்டும் சீட்டு கொடுக்கிற பெண் அவள் பேரை உரக்கப் படிப்பாள். இன்னொரு முறை கேட்கட்டும் என்று போரம் அம்மா சற்று நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

அவனுக்கு அன்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பனிக்காலத்தில் அவளுடைய ரப்பர் பூட்ஸை, அடியில் சூடு ஓடும் தரையில் கவிழ்த்து வைத்து, அவள் வெளியே கிளம்பும்போது எடுத்து நீட்டுவான். மீன் முள்ளை எடுத்துவிட்டுத் துண்டை அவள் சோற்றின் மேல் வைப்பான். இத்தனை செய்கிறவனிடம் போய் இதைக் கேட்பதா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

இன்றைக்கு அந்தப் படகுப் பேச்சு நினைவுக்கு வந்ததே அமைதியால்தான். சமையலறையில் உட்கார்ந்து முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு, தன் மனசுக்குள் ஓடுவது தனக்கே கேட்டது. ஐந்து மாதமாக அது கேட்டதில்லை.

தீவின் வடக்குக் கரையில் நின்றால் ஆற்றுமுகத்துக்கு அந்தப் பக்கம் வட கொரியா. கோடையில் ஒருநாள் அந்தக் கரையில் ஒலிபெருக்கிகள் முளைத்தன. பாட்டில்லை, பேச்சில்லை. ஓநாய் ஊளை, இரும்பை இரும்பின் மேல் இழுக்கிற சத்தம், யாரோ ஒரு பெண் கிணற்றுக்குள்ளிருந்து அழுகிற மாதிரி ஒரு கேவல். பகலிலும் வரும், விடியும்போதும் வரும். எப்போது நிற்கும், எப்போது தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஊரில் ஆடுகள் செத்த குட்டிகளை ஈன்றன. சன்னலுக்கெல்லாம் வெள்ளை நுரை அட்டை ஒட்டிக்கொண்டார்கள். சிலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போனார்கள்.

போரம் அம்மா போகவில்லை. தினமும் சாயங்காலம் பெரிய சூப் குண்டானின் மூடியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போவாள். வடக்கே பார்த்து நின்று கரண்டியால் அடிப்பாள். கை வலிக்கும் வரை அடித்துவிட்டு, வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டு உள்ளே வருவாள்.

“அவன்கிட்ட அணுகுண்டு இருக்கு,” என்று மான்சோக் சொல்வான். “உன்கிட்ட கரண்டி இருக்கு.”

“என் சமையலறைக்குக் கரண்டி போதும்.”

“கேட்டுச்சுன்னா என்ன பண்ணுவான் தெரியுமா?”

“கேக்கட்டும்னுதானே அடிக்கிறேன்.”

இன்று காலையில் ஏவுகணை ஒன்று தீவுக்கு மேலேயே பறந்து கடலில் விழுந்தது. தெற்கைச் சாம்பலாக்கிவிடுவேன் என்று அக்கரைத் தலைவர் சிரித்த முகத்தோடு சொன்னதைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். போன வாரம் அதே மனிதர் சமாதானம் பேசலாம் என்றிருந்தார். மத்தியானத்துக்குள் செல்போன் சிக்னல் செத்தது. பொழுது சாய மின்சாரமும் போனது. ஊர் மண்டபத்து ஒலிபெருக்கி மட்டும் பேட்டரியில் ஓடியது. ஊர்த்தலைவர் பியோங்தே எப்போதும் போல முதலில் அதில் இருமினார். எல்லோரும் பதுங்கறைக்கு வந்துவிடுங்கள், போர்வை கொண்டு வாருங்கள், நாயைக் கொண்டு வராதீர்கள் என்றார். பிறகு கீழே இறங்கி நேராக இவர்கள் வீட்டுக்கு வந்தார்.

“மான்சோக், மதகை யாருப்பா மூடறது? இன்னிக்கு கடல்ல பெரிய ஏற்றம். கரண்ட் இல்ல, கையாலதான் சுத்தணும். உப்புத்தண்ணி ஏறிச்சுன்னா அடுத்த வருஷம் நெல்லுக்குப் பதிலா உப்புதான் அறுக்கணும்.”

“நான்தான் போகணும். வேற யாருக்கு அந்தச் சக்கரம் மசியும்?”

“ஏவுகணை பறக்கற அன்னிக்கா மதகு?” என்றாள் போரம் அம்மா.

“அது கடலுக்குத் தெரியுமா?” என்றபடி பூட்ஸை மாட்டினான் மான்சோக். “கதவைத் தாள் போட்டுக்க. நான் வந்து கூப்பிடறேன். சேர்ந்தே போகலாம். தனியா இருட்டுல வரப்புமேல நடந்து வராதே, உனக்குக் கண்ணு தெரியாது.”

“உங்களுக்கு மட்டும் தெரியுமா?”

“வரப்புக்கு என்னைத் தெரியும்.”

ஊர்த்தலைவர் சிரித்தார். இருவரும் மூடுபனிக்குள் இறங்கிப் போனார்கள், ஒருவர் பதுங்கறைப் பக்கம், ஒருவர் ஆற்றுப் பக்கம்.

அதற்குப் பிறகுதான் அக்கரை ஒலிபெருக்கி நின்றது.

மெழுகுவத்தி வெளிச்சத்தில், சும்மா உட்கார முடியாமல், கிம்ச்சி ஊறுகாய்க்கு வைத்திருந்த முள்ளங்கியை எடுத்து நறுக்கத் தொடங்கியிருந்தாள். அடுப்பின் மேல் பார்லித் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது, மிளகாய்த்தூளும் உப்பிட்ட இறாலுமாக வீடு முழுக்க நெடி, சன்னல் அட்டையின் ஓரத்தில் மூடுபனி விரல் நுழைத்த மாதிரி ஒரு ஈரம், தூரத்தில் ஏற்றம் வருகிற ஆற்றின் அடித்தொண்டைச் சத்தம், அதற்கு மேல் அவளுடைய கத்தி பலகையில் விழுகிற டக், டக், டக். ஐந்து மாதத்துக்குப் பிறகு காதுக்குக் கிடைத்த ஓய்வு. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

கத்தியை நிறுத்திவிட்டு நெற்றியைத் துடைத்தாள்.

டக், டக், டக்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. தெளிவாக, பெரிதாக, வயலெல்லாம் கடந்து. அதுவும் நின்றது.

எதிரொலி என்று நினைத்துக்கொண்டாள். ஒரு துண்டு நறுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து அக்கரையும் ஒரு துண்டு நறுக்கியது. அவள் தொண்டையைச் செருமினாள். அக்கரையும் செருமியது, அவள் குரலிலேயே.

கத்தியைக் கீழே வைக்கும்போது சத்தம் வராமல் வைத்தாள்.

பிறகு அது தானாகவே தொடங்கியது. இந்த வீட்டின் இழுப்புக்கதவு, மழைக்காலத்தில் ஊறிப்போய் பாதியில் சிக்கிக்கொள்ளும் அந்தக் கிறீச். சோற்றுப்பானை மூடி. மாமியாரின் இருமல், அந்த இருமல் மண்ணுக்குள் போய் எவ்வளவோ காலமாயிற்று. சின்னப் போரம் பல் விழுந்த வாயோடு பாடம் ஒப்பிக்கிற குரல். இவளும் மான்சோக்கும் போட்ட சண்டை ஒன்று, கதவெல்லாம் சாத்திவிட்டு, குழந்தை எழுந்துவிடக் கூடாதென்று கிசுகிசுப்பாகப் போட்டது. அந்தக் கிசுகிசுப்பு இப்போது ஆற்றுமுகம் முழுக்க முழங்கியது. “போரம் அம்மா, நீ ஒருநாளாவது நான் சொல்றதக் கேட்டிருக்கியா?”

ஒலிபெருக்கி வந்து ஐந்து மாதம்தான். கேட்டுக்கொண்டிருந்தது எத்தனை வருஷமாகவோ.

 அவளுக்கு ஆத்திரம் வந்தது. குண்டான் மூடியை எடுத்தாள். உள்ளே நின்றபடியே கரண்டியால் ஓங்கி ஓங்கி அடித்தாள். “என் வீட்டுப் பேச்சு உனக்கெதுக்குடா? என் மாமியார் இருமினா உனக்கென்னடா?”

அக்கரை கேட்டது. அடி ஓய்ந்ததும் அதே அடியைத் திருப்பி அடித்தது. அதே திட்டு. அதே குரல். இப்போது தூரம் குறைந்திருந்தது.

முற்றத்தில் நாய் நுரி குரைக்கவில்லை. அது எப்போதும் மான்சோக்கின் காலடிக்கு ஒரு முனகல் முனகும். இன்றைக்குத் தரைப்பலகைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்கிற சத்தம் மட்டும் கேட்டது.

முன்கதவில் தட்டல்.

“போரம் அம்மா.”

அவன் குரல். மூச்சு வாங்குகிற குரல். அவளுக்கு உயிர் திரும்பியது. தாளில் கை வைத்தாள்.

“கதவத் திற. மழையில நனையறேன்.”

கை நின்றது. வெளியே மழையில்லை. கார்த்திகைக் குளிரில் வெறும் மூடுபனி. ஓட்டில் ஒரு சொட்டு இல்லை. மழையில் நனைந்தது ஆடி மாதம். அன்று இதே வார்த்தை, இதே மூச்சு. “மழையில நனையறேன்,” பிறகு ஒரு தும்மல்.

கதவுக்கு வெளியே தும்மியது.

அவள் பின்னால் நகர்ந்தாள். தரையின் சூடு முழுக்க அடங்கிப்போயிருந்தது. அப்போது பின்கதவில், சமையலறைப் பக்கம், தட்டல்.

“போரம் அம்மா. மதகு மூடியாச்சு. கிளம்பு.”

இதுவும் அவன் குரல். களைத்த குரல். ஒவ்வொரு பெரிய ஏற்றத்துக்கும் திரும்பி வந்து சொல்வான், மதகு மூடியாச்சு என்று. இப்போது சொல்கிறானா? எப்போதோ சொன்னதா?

“ஏங்க,” என்றாள். “நீங்கதானா?”

“நான்தான்,” என்றது முன்கதவு.

“நான்தான், வேற யாரு?” என்றது பின்கதவு.

இரண்டும் அவன் சொல்லியிருக்கிறான். ஆயிரம் முறை சொல்லியிருப்பான். இந்த வீட்டுக்குள் அவன் சொன்னது அத்தனையும் அதனிடம் இருந்தது. கொஞ்சினது, கோபித்தது, தூக்கத்தில் உளறினது எல்லாமே.

திறக்காமலே இருந்துவிடலாம். ஆனால் ஒன்று உண்மையிலேயே அவனாக இருந்தால்? மரத்துப்போன கையோடு, அந்தப் பனியில், அதன் பக்கத்தில் அவனைத் தனியாக நிறுத்திவிட்டு, தாளைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பதா?

அவள் மெழுகுவத்தியைக் கையிலெடுத்தாள். முன்கதவின் பனிக்கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகம் இல்லை. காது. கண்ணாடியில் அப்பி அழுத்தி வெளுத்துப்போன ஒரு காது.

பின்கதவு.

அங்கேயும் ஒரு காது.

பக்கத்துச் சன்னலில் நுரை அட்டை மெல்ல உள்ளே வளைந்தது. யாரோ தலையைச் சாய்த்து வைத்த மாதிரி ஒரு குழி. அடுத்த சன்னலில் ஒன்று. போரமின் அறையில் ஒன்று. கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒன்று.

சுற்றிலும்.

ஆறு ஓய்ந்தது. ஏற்றத்தின் சத்தம்கூட இல்லை. அக்கரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது, இவள் அடுத்து என்ன பேசப்போகிறாள் என்று.

பேசினால் எடுத்துக்கொள்ளும்.

மெழுகு விரலில் வழிந்தது. சுட்டது. அந்தச் சூட்டில்தான் அவளுக்கு அது உறைத்தது. இந்த வீட்டில் அவள் பேரை யாரும் சொன்னதில்லை. மாமியார் சொன்னதில்லை. மகள் சொன்னதில்லை. மான்சோக் சொன்னதெல்லாம் நடுக்கடலில், படகில், சங்கு ஊதுவதற்கு முன்னால். அந்த ஒரு சொல் மட்டும் இந்தச் சுவர்களுக்குள் விழவில்லை. அதனிடம் இல்லாத ஒரே ஒரு சொல்.

வெளியே நிற்கிறவர்களில் அவன் மட்டும் அறிந்தது.

ஒரு முறைதான் உதவும். அவன் வாயிலிருந்து வந்த உடனே அதுவும் கற்றுக்கொள்ளும். நாளைக்கு எல்லாக் கதவுகளிலிருந்தும் அதைச் சொல்லும். சொல்லட்டும். முதலில் சொல்வது அவனாக இருக்க வேண்டும்.

மறுகையில் கரண்டியை எடுத்துக்கொண்டாள். இரண்டு கதவுக்கும் நடுவே நின்றாள்.  

“போரம் அம்மா,” என்றது முன்கதவு.

“போரம் அம்மா,” என்றது பின்கதவு.

“போரம் அம்மா,” என்றன சன்னல்கள், ஒவ்வொன்றாக, எல்லாம் அவன் குரலில். வயலுக்கு அப்பால், மதகுப் பக்கமிருந்து, தேய்ந்துபோய், இன்னொன்றும்.

அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். மதகு வரைக்கும் கேட்க வேண்டும். அக்கரைக்கும் கேட்கட்டும்.

“அப்படிக் கூப்பிடாதீங்க. என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க.”