பூட்டில்லாத கீபோர்டு

நவோமி முழங்காலைச் சொறிந்துகொள்ள இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து எடுத்தாள். எடுத்த பிறகும் கட்டை இரண்டு தடவை அமுங்கி எழுந்தது. டொக். டொக்.

அவள் தாத்தா இராயப்பன் கட்டிலில் கிடந்தபடி அதைக் கேட்டார். வாதம் அடித்து ஆறு மாதமாகிறது. வலப்பக்கமும் நாக்கும் போய்விட்டன, காது போகவில்லை. பேச்சு போன நாளிலிருந்து காது இன்னும் தீட்டிவிட்டதுபோல் ஆகி, ஒன்பதாவது மாடியில் படுத்துக்கொண்டே, கீழே ஆயர் ஈத்தாம் சந்தையின் தகரக் கூரைமேல் மழை நடந்து வருவதையும், பஸ் திணறித் திணறித் திரும்புவதையும், பூண்டும் வெந்தயமும் போட்டு இறக்கிய கஞ்சியின் மேல் ஆடை சுருங்குவதையும்கூடக் கேட்க முடிகிறதென்று அவருக்குத் தோன்றும். அந்தக் காது பொய் சொல்லாது. விரல் இல்லாமல் கட்டை தட்டியது.

மலிவுச் சாமான், உள்ளே எதுவோ சிக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்வதைத் தவிர அவரால் ஆவது வேறொன்றும் இல்லை.

அந்தக் கீபோர்டை அவருக்கு வந்த நாளிலிருந்தே பிடிக்காது. மகன் கிளிஃபர்ட் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறி வந்தான். இராயப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, பிறகு லாரியில் வீட்டுச் சாமான் ஏற்றிப் பிழைத்தவர். பியானோ என்றால் ஆறு ஆள், நான்கு கயிறு, வாய் நிறையக் கெட்ட வார்த்தை. உள்ளே இரும்புச் சட்டம், சட்டம் நிறையக் கம்பி. கட்டையை அமுக்கினால் சுத்தியல் போய்க் கம்பியை அடிக்கும். ஓங்கினால் கத்தும், தடவினால் முனகும், பிறகு தானாக அடங்கும். மிதியை மிதித்துக்கொண்டு பக்கத்தில் நின்று இருமினால் அத்தனை கம்பியும் சேர்ந்து ஙொய்யென்று பதில் சொல்லும். வாசிப்பது வீட்டுக்கே கேட்கும். அதில் ஒளிவுமறைவு கிடையாது.

இதில் கம்பியும் இல்லை, சுத்தியலும் இல்லை. யாரோ எங்கோ வாசித்த பியானோவின் சத்தத்தைப் பிடித்து இதற்குள் அடைத்து வைத்திருக்கிறார்களாம், கிளிஃபர்ட் விளக்கினான். சுவரில் குத்திய வயரோடு உயிர், பிடுங்கினால் பிணம். நவோமிகூடப் போன வாரம் ஒரு சிவப்பு விளக்கைக் காட்டிச் சொன்னாள்: "இது சிமிட்டுனா ரெக்கார்ட் ஆகியிருக்குன்னு அர்த்தம். ஆஃப் பண்றதுக்கு முன்ன சேவ் பண்ணலன்னா உள்ள இருக்கிறது எல்லாம் போயிடும் தாத்தா. திரும்ப வரவே வராது லா." ஹெட்போனைக் குத்திவிட்டால் மற்றவர்களுக்குப் பிளாஸ்டிக் கட்டையின் டொக் டொக் மட்டும்தான். பாட்டெல்லாம் பிள்ளையின் காதுக்குள். பிள்ளை காதில் மட்டும் பேசுகிற எதையும் அவர் நம்பியதில்லை.

மனைவி அக்னஸின் பியானோவுக்குப் பூட்டு இருந்தது. பெரிய வியாழன் பூசையில் கோயில் மணி ஓய்ந்து அதற்குப் பதில் மரக்கட்டை தட்ட ஆரம்பித்துவிட்டால், அவள் வீட்டுக்கு வந்ததும் பியானோ மூடியைப் பூட்டிச் சாவியை மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்துவிடுவாள். சனிக்கிழமை ராத்திரி உயிர்ப்புப் பூசையில் மணி திரும்ப அடிக்கும்வரை தொடமாட்டாள். "ஆண்டவர் கல்லறையில கெடக்குறாரு. இப்ப வாசிச்சா கேக்க அவரு இல்ல. வேற யாராச்சும் கேப்பாங்க" என்பாள். அவள் போய் ஏழு வருஷம். பியானோவில் கரையான் ஏறியது. இந்த ஃபிளாட்டின் லிஃப்டில் அது நுழையவும் இல்லை. கீழேயே போட்டு உடைத்தார்கள். உடைத்தபோது ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டுத்தான் செத்தது.

கீபோர்டுக்கு மூடியும் இல்லை, பூட்டும் இல்லை.

இன்றைக்குப் பெரிய வெள்ளி. மூன்று மணி வழிபாட்டுக்கு மகனும் மருமகள் கிறிஸ்டலும் கிளம்ப, தாத்தாவுக்குத் துணையாக நவோமியை விட்டுப்போனார்கள். ஒன்பது வயது. செவ்வாய்க்கிழமை சங்கீதப் பரீட்சை. கிறிஸ்டல் போகிற அவசரத்தில் கட்டிலருகே குனிந்து, ஹெட்போன் போட்டுக்கொண்டு வாசித்தால் சத்தமே வராதே, அப்படியென்றால் தப்பில்லைதானே மாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லத்தான் அவர் தலையைத் தூக்கினார். தலை நிற்காமல் தோளில் சரிந்தது. தாத்தாவே சரி சொல்லிவிட்டார் என்று பிள்ளை குதித்தது. அவர் கூப்பிட வைத்திருந்த சின்ன மணியையும் நேற்றே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். இந்த நாளில் மணி ஆகாது. அதற்குப் பதில் ஓர் அகப்பை. வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தில் தட்டலாம்.

மழை ஜன்னலுக்கு வந்துவிட்டது. வெளியே எதிர் மலை மறைந்தது. மூன்று மணிக்கே கூடம் மங்கி, ஈரத் துணியின் புழுங்கல் வாடை எழுந்து, கீபோர்டின் சிவப்பு விளக்கு மட்டும் ஒரு கொசுக்கடித் தழும்புபோல் தெரிந்தது. நவோமி வாசித்துக்கொண்டிருந்தாள், அவருக்கு முதுகைக் காட்டியபடி, இரண்டு காதும் கருப்பாக மூடி. டொக் டொக் டொக். பியானோ என்றால் அது என்ன பாட்டு, எங்கே தப்பு என்று தெரிந்துவிடும். இது கோயிலில் தட்டுகிற மரக்கட்டை மாதிரியே இருந்தது.

கைகள் நின்றன. மடியில் இறங்கின. டொக் டொக் நிற்கவில்லை.

பிள்ளையின் இரண்டு கையும் மடியில் கிடக்க, கீழ்ப்பக்கத்துக் கட்டைகள் ஒவ்வொன்றாக அமுங்கி எழுந்துகொண்டிருந்தன. யாரோ நிதானமாக நடந்து வருவதுபோல், இடது ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. நவோமி பயப்படவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இல்ல," என்றாள். "தாத்தா மட்டும்தான்."

இராயப்பன் அகப்பையை இடக்கையால் பற்றிச் சட்டத்தில் தட்டினார். மூன்று தடவை, பலமாக. ஹெட்போனுக்குள் எங்கே கேட்கும்? நவோமி திரும்பவில்லை. ஆனால் கட்டைகள் நின்றன. பிறகு, மூன்று தடவை. டொக். டொக். டொக்.

அவர் இரண்டு தட்டினார். இரண்டு வந்தது.

அகப்பையைத் தலையணையில் வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார். கட்டை தானாக இன்னொரு தடவை தட்டியது. அவர் தட்டாததை.

"நவோமி" என்று பிள்ளை பேர் சொன்னாள், யாரோ கேட்டதற்குப் பதிலாக. பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். மழை கேட்டது. ஃபிரிஜ் உறுமியது. "எங்க, உள்ளயா? நான் எப்படி வர்றது?"

அவர் கத்தினார். வாயோரம் எச்சில்தான் வந்தது. அக்னஸை நினைத்தார், ஆண்டவரை நினைத்தார், நினைத்த உடனே ஞாபகம் வந்தது: இன்றைக்கு மூன்று மணிக்குக் கேட்க அவர் இல்லை.

நவோமி விரல்களைக் கட்டைமேல் வைத்தாள். பத்தையும். அமுக்கினாள். மெதுவாக. விரல்கள் அப்படியே நின்றன. தோள் இரண்டும் ஒரு முறை தூக்கிப் போட்டன, குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிற பிள்ளைக்குத் தூக்கிப் போடுவதுபோல்.

சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

பிறகு எழுந்தாள். நவோமி வீட்டுக்குள்ளும் ரப்பர் ஜப்பான் சிலிப்பரை இழுத்து இழுத்து நடப்பவள். எத்தனை திட்டினாலும் கேட்கமாட்டாள். இப்போதும் சிலிப்பர் காலில்தான் இருந்தது. சத்தம் இல்லை. ஹெட்போனைக் கழற்றி, வயர் நீள நீள இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்து, அவர் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கண் இமைக்கவில்லை.

"கேளுங்க பெரியவரே," என்றாள்.

பிறந்த நாளிலிருந்து அவள் அவரைத் தாத்தா என்று அல்லாமல் கூப்பிட்டதில்லை.

ஹெட்போன் காதில் இறங்கியது. பிள்ளையின் வியர்வைச் சூடு அதில் இன்னும் இருந்தது. மழை அறுந்தது. உலகம் அறுந்தது. முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல்:

"தாத்தா."

எதிரே நின்றதன் வாய் மூடியிருந்தது.

"தாத்தா, இருட்டா இருக்கு. நெறைய பேர் நிக்கிறாங்க. யாரும் பேச மாட்டேங்கிறாங்க. கதவு எங்க தாத்தா?"

அவர் இடக்கையால் எதிரே நின்றதன் சட்டையைப் பிடித்தார். அது விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டது. மரியாதையாக.

எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை, வழிபாடு முடிந்து முன்கதவு திறந்தது. மகனும் மருமகளும் குடையை உதறுவதை, செருப்பைக் கழற்றுவதை அவர் பார்த்தார்; கேட்கவில்லை. கிளிஃபர்ட் கட்டிலருகே வந்து, காதில் ஹெட்போனோடு கிடக்கும் அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். ஹெட்போனின் ஒரு பக்கத்தை விலக்கிச் சொன்னான்:

"பாத்தியா கிறிஸ், வாய் இருந்தப்ப இந்தச் சாமானைத் திட்டாத நாளில்ல. இப்ப ஐயா கச்சேரி கேக்குறாரு."

அவர் கண்ணில் வழிந்ததைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டான். கிழவர் உருகிவிட்டார் என்று நினைத்திருப்பான்.

கஞ்சியைச் சுட வைக்கப்போன கிறிஸ்டல் அடுப்படியிலிருந்தே கீபோர்டை ஆஃப் பண்ணிவிட்டு வரும்படி நவோமியிடம் சொன்னாள், வாசித்ததைச் சேவ் பண்ணியாயிற்றா என்றும் கேட்டாள்.

"வேணாம்," என்றது அது, நவோமியின் குரலிலேயே. "அது சும்மா."

சுவரோரம் மண்டியிட்டது. பிளக்கைப் பிடித்தது. பிடித்தபடி அவரையே பார்த்தது.

இராயப்பன் அகப்பையைத் தேடி எடுத்தார். தட்டினார். தட்டினார். கிளிஃபர்ட் மேசையில் கிண்ணம் வைத்தபடி, அப்பா தாளம் போடுகிறார் என்றான்.

மூடியிருந்த ஒற்றைக் காதில், தூரத்திலிருந்து, திரும்பத் தட்டும் சத்தம். டொக். டொக்.

"அது நீங்களா தாத்தா? தட்டிக்கிட்டே இருங்க. நான் சத்தத்தப் புடிச்சிக்கிட்டே வந்துடுறேன்."

அவர் தட்டிக்கொண்டே இருந்தார். பிளக்கு சுவரைவிட்டுப் பாதி வெளியே வந்திருந்தது.